எண்ணி அளக்கலாமா அறிவியலை?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், ஆலத்தியூர்)

ஓர் அறிவியலறிஞரின் தகுதியை அளக்க இக்காலத்தில் எளிய வழி ஒன்று கண்டிருக்கிறார்கள். அவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார் என்று எண்ணிவிட்டால் போதுமாம். 1964-இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு இம்மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிடத் தொடங்கினார். 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ஒருவரது வாழ்நாள் உழைப்பையே ஒற்றை எண்ணில் அடக்கிக் காட்டினார். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது, ஒவ்வொன்றும் இருபது முறையாவது மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய 'எச்' எண் 20.

இந்த எண்ணிக்கையை அடியோடு தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்காகப் பரிந்து பேச மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. எண்ணுக்குச் சாதி தெரியாது. சிபாரிசுக் கடிதமும் கேட்காது. அந்த மட்டில் அது நம் போன்றோருக்கு நண்பனே. ஆனால் நண்பனை நீதிபதியாக உட்கார வைக்கலாமா?

பிளாஸ்மா இயற்பியலறிஞர் பிரதிமன் காவ் அவர்களை எடுத்துக்கொள்வோம். 1948-இல் ஸ்ரீநகரில் பிறந்தவர், டில்லி ஐ.ஐ.டி.யில் பதினெட்டு வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றவர். (நாம் அந்த வயதில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்!) 1970-இல் அவரும் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜான் டாசனும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடர்ந்த பிளாஸ்மாவின் மீது ஒளி பட்டால் உள்ளே புகாமல் திரும்பிவிடும் என்பது நாம் அறிந்ததே. ஒளியின் செறிவு மிக மிக அதிகமானால்? எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் அதிரும். ஐன்ஸ்டீன் சொன்னபடி அவற்றின் நிறை கூடும். நிறை கூடினால் பிளாஸ்மாவின் இயல்பு அதிர்வெண் குறையும். அப்போது தடுத்த பிளாஸ்மாவே ஒளிக்கு வழிவிடும்.

கணக்கு சரி. சோதித்துப் பார்க்கத்தான் அவ்வளவு வலிமையான லேசர் உலகில் எங்கும் இல்லை. 1985-இல் டோனா ஸ்டிரிக்லாந்தும் ஜெரார் மூரூவும் கண்ட முறைதான் அதற்குக் கதவைத் திறந்தது. அதற்கு அவர்கள் நோபல் பரிசு பெற்றது 2018-இல். இன்று வலிய லேசர் பற்றி எழுதுவோர் காவ்-டாசன் கட்டுரையைத் தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்றாகச் சுட்டுகிறார்கள். 1975-இல் ஒரு குழு உட்கார்ந்து அதன் மேற்கோள்களை எண்ணியிருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. காவ் காந்திநகருக்கு அருகில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தை எழுப்பி, 2012 வரை அதன் இயக்குநராக இருந்தார். 1989-இல் அங்கே 'ஆதித்யா' என்ற டோகமாக் இயந்திரம் நம் நாட்டிலேயே கட்டப்பட்டு இயங்கத் தொடங்கியது. காந்தச் சுருள் சுற்றியவர், வெற்றிடக் கலத்தைப் பற்றவைத்தவர், பம்புக்குக் காவலிருந்தவர் ஆகியோரின் உழைப்பு எந்த அட்டவணையில் ஏறும்? ஆலத்தியூர்ச் சுண்ணாம்புக்கல் எத்தனையோ ஊர்களில் வீடாக நிற்கிறது; எந்தச் சுவரிலாவது எங்கள் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறதா?

மேதையின் பெயரே பொதுச்சொல்லாகிவிட்டால் மேற்கோளும் நின்றுபோகும். மேகநாத் சாஹா, கடைக்காரர் ஒருவரின் மகன். 1920-இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறோம். 'சாஹா சமன்பாடு' என்று சொல்லிவிட்டு மேலே போகிறோமேயன்றி, அவருடைய மூலக் கட்டுரையைக் குறிப்பவர் எத்தனை பேர்?

எண்ணிக்கையே பதவி உயர்வுக்கு ஏணியானால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018-இல் அதே குழு, தான் ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு மேலும் ஆய்வகத்தில் நின்று, ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்யச் சொல்லித் தரும் ஆசிரியருக்கு அந்தக் கணக்கில் என்ன புள்ளி கிடைக்கும்? கிராமத்திலிருந்து வரும் எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பத்துக் கட்டுரைகளைவிடப் பெரிது.

எனவே துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு இயற்பியல் மன்றத்தில் ஒரு மாலையை அந்த 1970-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒதுக்குங்கள். முழுக் கணக்கும் எங்களுக்கு எட்டாது. முதல் இரண்டு பக்கங்களைக் கரும்பலகையில் விளக்கினால் போதும். மிச்சத்தை விடுதியில் உட்கார்ந்து நாங்கள் முட்டிமோதிப் பார்த்துக்கொள்கிறோம்.