மீனும் வேண்டும், மின்சாரமும் வேண்டும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் சிறிய ஆறு எல்வா. நீளம் 72 கிலோமீட்டர்தான். அதன் குறுக்கே நின்ற இரண்டு அணைகளையும் இடித்துவிட்டால் சால்மன் மீன்கள் பழையபடி மலைப்பகுதிக்கு ஏறி வரும். அதற்காகப் பத்து வருடங்களுக்கு ஆண்டுதோறும் கூடுதல் வரி கட்டச் சம்மதமா? 1990களில் அமெரிக்கக் குடும்பங்களிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர் ஜான் லூமிஸ் 1996இல் விடையை வெளியிட்டார். அணைகள் இருந்த கிளாலம் மாவட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 59 டாலர். மாநிலத்தின் மற்ற பகுதிகளில் 73 டாலர். எல்வாவைக் கண்ணால்கூடப் பார்க்கப் போகாத பிற மாநிலத்தவரும் 68 டாலர் தரத் தயார்.

மீன்மீது இவ்வளவு பாசமா என்று வியக்கலாம். ஆனால் அணைக்கு அருகில் இருந்தவர்கள்தான் குறைந்த தொகையைச் சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆறுகளில் அணைகளை வைத்து நடந்த, நடக்கும் சண்டைகளின் சாரம் இந்தச் சிறு வித்தியாசத்தில் இருக்கிறது.

பசிபிக் சால்மனின் வாழ்க்கை ஒரே ஒரு சுற்று. ஆற்றின் கூழாங்கல் படுகையில் பிறக்கிறது. கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளர்கிறது. பிறகு பிறந்த ஆற்றையே தேடி வந்து, எதிர்நீச்சல் போட்டு மேலேறி, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. நடுவே ஒரு சுவர் எழுந்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். எல்வாவின் முதல் அணை 1913இல் முடிந்தது. மீன்களுக்கு வழிவிட வேண்டும் என்று மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தும், அணை கட்டியவர்கள் மீன் ஏணி அமைக்கவில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சுமார் 8 கிலோமீட்டர் மட்டுமே மீன்களுக்கு மிஞ்சியது. அந்த மீனை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினரின் பிழைப்பும் அத்தோடு போயிற்று.

எல்வாவை மீட்க 1992இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஆனால் கடப்பாரை இறங்க 2011 ஆயிற்று. 2014இல் இரண்டு அணைகளும் மறைந்தன. வேலை முடிவதற்கு முன்பே, 2012இல், கீழ் அணை இருந்த இடத்தைத் தாண்டி சால்மன் மேலே போய்விட்டது.

எல்வாவில் சட்டமும் அரசுப் பணமும் இருந்தன. ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளமாத் ஆற்றில் இரண்டுமே எளிதில் கிடைக்கவில்லை. அங்கே 2001 வறட்சியில் அழியும் நிலையில் இருந்த மீன்களுக்காக விவசாயிகளின் பாசன நீர் நிறுத்தப்பட்டது. விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். மறுவருடம் தண்ணீர் வயலுக்குத் திரும்பியது. 2002 செப்டம்பரில், வற்றிச் சூடேறிய ஆற்றில் நோய் பரவிக் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன.

யுரோக், கருக் உள்ளிட்ட பழங்குடியினர் அதை மறக்கவில்லை. கிளமாத்தின் நான்கு மின் அணைகள் அப்போது ஸ்காட்லாந்து கம்பெனி ஒன்றின் வசம் இருந்தன. 2004இல் அதன் பங்குதாரர் கூட்டத்துக்கே போய் எடின்பரோவில் நின்றார்கள். பிறகு அணைகள் வாரன் பஃபெட்டின் குழுமத்துக்குக் கைமாறின. ஒமாஹாவில் நடந்த அதன் கூட்டத்துக்கும் போனார்கள்.

ஆனால் கம்பெனியை இறங்கி வரவைத்தது பாசமல்ல, கணக்கு. உரிமத்தைப் புதுப்பிக்க மீன் ஏணிகள் கட்ட வேண்டும் என்றது மத்திய அரசு. அந்தச் செலவைவிட அணையை இடிப்பது மலிவு. இடிக்கும் செலவும் ஒரே தலையில் விழவில்லை. மின் கட்டணத்தில் சிறு கூடுதலாக இரு மாநில நுகர்வோரிடமிருந்து 20 கோடி டாலர். கலிபோர்னியா வாக்காளர்கள் 2014இல் அங்கீகரித்த 750 கோடி டாலர் தண்ணீர்க் கடன் பத்திரத்திலிருந்து 25 கோடி டாலர். வாக்களித்தவர்களில் எத்தனை பேருக்கு கிளமாத் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும் என்பது வேறு விஷயம்.

தெரிந்தவர்கள் என்ன சொன்னார்கள்? மூன்று அணைகள் இருந்த சிஸ்கியூ மாவட்டத்தில் 2010இல் கருத்துக் கேட்டார்கள். அணைகள் போகக் கூடாது என்றவர்கள் சுமார் 79 சதவீதம். ஏரிக்கரையில் வீடு வாங்கியவருக்கு ஏரி போய்ச் சேறு மிஞ்சும் என்ற பயம். அதை மூடத்தனம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதே ஆற்றின் கரையில் தலைமுறை தலைமுறையாக மீனை இழந்தவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். 2024இல் நான்கு அணைகளும் இடித்து முடிக்கப்பட்டன. அந்த அக்டோபரிலேயே, நூறாண்டுக்கு மேல் எட்ட முடியாதிருந்த ஓரிகன் ஓடை ஒன்றில் சினூக் சால்மன் நீந்தியது.

இதே வெற்றியை ஸ்நேக் ஆற்றில் எதிர்பார்ப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்குள்ள நான்கு கீழ் அணைகளில் மீன் ஏணிகள் உண்டு. கஷ்டம் குஞ்சுகளுக்கு. முன்பு வசந்தகால வெள்ளம் அவற்றைக் கடலுக்கு அடித்துச் சென்றது. இன்று தேங்கிய நீரும் டர்பைன்களுமாக, இடாஹோவிலிருந்து கடல் சேர எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். 1992இல் ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஒரே ஒரு சாக்கை சால்மன்தான் திரும்பி வந்தது. 'தனியன் லாரி' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

கிளமாத் அணைகள் மின்சாரத்துக்கு மட்டும். ஸ்நேக் அணைகளோ கோதுமைப் படகுகளுக்கும் வழி. கடலிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் லூயிஸ்டன் துறைமுகமாக இருப்பது அவற்றால்தான். மீனைக் காக்க வேண்டும் என்பதில் அந்த விவசாயிக்கும் மறுப்பில்லை. படகு போய்விடக் கூடாது, அவ்வளவுதான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இந்த முடிச்சை அவிழ்க்க 2021இல் இடாஹோவின் குடியரசுக் கட்சி எம்.பி. மைக் சிம்ப்சன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அணையை எடுப்போம், இழப்பவர் ஒவ்வொருவருக்கும் ஈடு கொடுப்போம் என்றார். மொத்தம் 3,350 கோடி டாலர். அது சட்டமாகவில்லை. 2023 டிசம்பரில் பைடன் அரசு பழங்குடியினரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் 2025 ஜூனில் டிரம்ப் ரத்து செய்தார்.

நமக்கும் இது அந்நியக் கதையல்ல. கங்கையில் அலகாபாத் வரை ஏறிவந்த ஹில்சா மீனை, 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணை மறித்தது. கொல்கத்தா துறைமுகத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. இழந்தவர்கள் பீகார் மீனவர்கள். மீன் பிழைக்க வேண்டுமா என்று கேட்டால் எந்த ஊரிலும் ஆமென்றுதான் சொல்வார்கள். அதற்கு யார் எவ்வளவு கொடுப்பது, யாருடைய இழப்பை யார் சுமப்பது என்ற அடுத்த கேள்வியில்தான் ஆதரவு நிற்குமா, நழுவுமா என்பது தெரியும். கிளமாத்தில் சுமையைப் பகிர்ந்தார்கள், அணை விழுந்தது. ஸ்நேக்கில் இன்னும் பகிரவில்லை. அணைகள் நிற்கின்றன.