கோவாவில் கான்பரன்ஸ், டோம்பிவிலியில் பஞ்சாயத்து

"கான்பரன்ஸா? சந்தோஷம். எங்கே? கோ...வாவிலா?"

அந்த "கோ"வுக்கும் "வா"வுக்கும் நடுவில் ஒரு இழுப்பு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டோம்பிவிலி கிழக்கில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பெண் பி.எச்டி. மூன்றாம் வருஷம். கடல்நீர் வேதியியல். கோவாவில் நடந்த ஒரு கருத்தரங்கில் வாசிக்க அவள் கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஸ்வீட் வாங்கிக் கொடுக்க வேண்டிய வீட்டில் நாலு நாள் பஞ்சாயத்து. ஊரிலிருந்து பெரியப்பா போனில் தீர்ப்பு சொன்னார். செம்பூரிலிருந்து சித்தி நேரிலேயே வந்து சொன்னார். "அடுத்த வருஷம் புனேல நடந்தா போயேன், என்ன கெட்டுப் போச்சு?"

கெட்டுத்தான் போனது. அவள் மூன்று வருஷம் உழைத்து எழுதிய கட்டுரையை, அதே லேபில் படிக்கும் பையன் போய் வாசித்துவிட்டு வந்தான். கேள்வி கேட்டவர்களுக்கு அவன் பதில் சொன்னான். அவர்களுக்கு ஞாபகம் இருக்கப்போவதும் அவன் முகம்தான்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்மூர்க்காரர்கள் பத்து வீட்டில் விசாரித்தால் நாலு வீட்டில் இதே வசனம் கேட்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வசனம்: "தனியா எப்படிப் போவா?"

மக்களே, அவள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எப்படிப் போகிறாள்? டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். காலை நேர ஃபாஸ்ட் லோக்கலில் ஏறுவது என்னவென்று நமக்குத் தெரியும். "டோம்பிவிலி ஃபாஸ்ட்" என்று 2005ல் மராத்தியில் ஒரு படமே எடுத்தார்கள், அதையே 2007ல் மாதவனை வைத்துத் தமிழில் "எவனோ ஒருவன்" என்று எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் தினமும் முட்டி மோதி ஏறி இறங்கும் பெண்ணுக்கு, படுக்கை வசதியோடு ரிசர்வ் செய்த வண்டியில் ஒரு ராத்திரி போகத் தெரியாதா?

இன்னொன்று. இவளுடைய தாத்தா எப்படி மும்பை வந்தார்? டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்டிபிகேட்டும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், மாட்டுங்காவில் யாரோ ஒருவர் அட்ரஸை நம்பி வந்தார். அந்தத் துணிச்சலைத்தான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பெருமையாகப் பேசுகிறோம். பேத்தியிடம் அதே துணிச்சல் இருந்தால் மட்டும் "யார் துணைக்குப் போறா?" என்று கேட்கிறோம்.

இரண்டாம் வசனம்: "அது பீச் ஊராச்சே, அங்கே என்ன படிப்பு?"

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வசனம். கோவாவில் டோனா பாலாவில் இருப்பது தேசியக் கடலியல் நிறுவனம். 1966ல் தொடங்கியது. கடலைப் படிப்பவர்கள் கடற்கரையில் கூடாமல் நாக்பூரிலா கூடுவார்கள்? சென்னைக்கே வாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, 1914ல் பெண்களுக்கென்றே தொடங்கிய ராணி மேரி கல்லூரி, மூன்றும் மெரினாவைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றன. நம் மும்பையில் டி.ஐ.எஃப்.ஆர். கொலாபா முனையில், அலை அடிக்கிற இடத்தில் இருக்கிறது. கடல் காற்று பட்டால் படிப்பு கெடும் என்றால் இவற்றையெல்லாம் எப்போதோ இழுத்து மூடியிருக்க வேண்டும்.

அந்த ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த தலச்சேரிப் பெண் ஜானகி அம்மாள், 1924ல் ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். 1955ல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றுகிறான் என்று ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தபோது அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கா. இன்றைக்கு நமக்குக் கோவா பிரச்சினை.

மூன்றாம் வசனம்: "ஒரு கான்பரன்ஸுக்குப் போய் என்ன கிழிக்கப் போறா?"

1921ல் சி.வி.ராமன் கல்கத்தாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போனது, பல்கலைக்கழகங்களின் மாநாடு ஒன்றுக்குத்தான். போகிற வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பும்போது நார்குண்டா என்ற கப்பலில் சின்னக் கருவிகளை வைத்துக்கொண்டு கடலையே ஆராய்ந்தார். கடலின் நிறம் பற்றி அவர் நேச்சர் இதழுக்கு எழுதிய கடிதத்தில் போட்டிருக்கும் இடம் எது தெரியுமா? பம்பாய்த் துறைமுகம், 1921 செப்டம்பர். அந்தக் கேள்வியில் ஆரம்பித்த ஆராய்ச்சிதான் 1928ல் ராமன் விளைவில் முடிந்தது. 1930ல் நோபல். "கான்பரன்ஸுக்குப் போகச் சொன்னா கடலை வேடிக்கை பார்த்தியா?" என்று அவரை யாரும் அதட்டவில்லை.

எல்லாரும் ராமன் ஆக வேண்டாம். ஆனால் தான் படித்த கட்டுரைகளை எழுதியவரை டீ பிரேக்கில் நேரில் பிடித்துப் பேசுவதும், "படிப்பு முடிந்ததும் எங்கள் லேபுக்கு வாயேன்" என்று ஒருவர் சொல்வதும், வீட்டு சோபாவில் நடக்காது.

நான்காம் வசனம்தான் ரொம்ப ஆபத்து: "அப்ப நாங்களும் வரோம். ஃபேமிலி ட்ரிப்பா போட்டுடலாம்."

பாசம்தான், புரிகிறது. ஆனால் அவள் சாயங்காலம் போஸ்டர் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் நீங்கள் மங்கேஷி கோவிலுக்குக் கார் பேசி வைத்திருப்பீர்கள். ராத்திரி விருந்தில் நாலு பேரோடு பேச வேண்டியவள், "எங்கே இருக்கே, சாப்பிட்டியா" என்ற போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். உங்கள் ஆபீஸ் மீட்டிங்குக்கு அவள் எப்போதாவது கூட வந்து உட்கார்ந்தாளா? சென்னையில் கான்பரன்ஸ் என்றாலும் இதே கதைதான். நடப்பது கிண்டியில், தங்குவது தாம்பரம் தாண்டி அத்தை வீட்டில். அத்தை மனசு நோகாமல் இருக்க, பெண் தினமும் முதல் உரையைக் கோட்டை விட வேண்டும்.

பணம் என்பார்கள். ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். பெரும்பாலும் அவள் பணத்திலேயே போய்வருவாள். ஒன்றுவிட்ட தங்கை வளைகாப்புக்குக் குடும்பத்தோடு தூத்துக்குடிக்கு ஃப்ளைட் பிடிக்கிற வீட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. தம்பி ஆபீஸ் நண்பர்களோடு அதே கோவாவுக்கு மூன்று நாள் போய் வந்தானே, அப்போது பெரியப்பா ஏன் போன் செய்யவில்லை?

ஆக, பிரச்சினை கோவாவும் இல்லை, கடலும் இல்லை. அவள் செய்வதை நாம் வேலையாக எண்ணுவதில்லை. கல்யாணம் வரைக்கும் பொழுதுபோக்கு என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஊர் மேல் பழி போடுகிறோம்.

நிற்க. திட்டியாகிவிட்டது, உருப்படியாகவும் கொஞ்சம். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. நாலு நாள் பஞ்சாயத்தில் வெயிட்டிங் லிஸ்ட் எங்கேயோ போய்விடும். மாண்டவி காலை வண்டி, கொங்கண் கன்யா ராத்திரி வண்டி, இரண்டும் தாணேயில் நிற்கும். பணஜி, டோனா பாலா பக்கம் என்றால் மட்காவ் வரை போக வேண்டாம், கர்மலியில் இறங்கலாம். மழைக்காலத்தில் கொங்கண் பாதையில் வண்டிகள் மெதுவாக ஓடும், நேர அட்டவணையும் மாறும். ஒரு நாள் முன்னதாகவே போகட்டும். ஃப்ளைட் என்றால் இப்போது தாபோலிம், மோபா என்று இரண்டு விமான நிலையங்கள். மோபா வடக்குக் கோடியில் இருக்கிறது, டிக்கெட் மலிவு என்று எடுத்துவிட்டு டாக்ஸிக்கு அழாதீர்கள். தங்குவதற்கு அமைப்பாளர்களிடம் விருந்தினர் விடுதி கேட்கட்டும், கூட வரும் பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தாணே ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுங்கள், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். பெரியப்பா போன் செய்தால், "வேலை விஷயமா போயிருக்கா" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.