ரீஸ்டார்ட் என்பது வைத்தியமா?

"ரீஸ்டார்ட் பண்ணுங்க ஐயா, சரியாயிடும்." இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் பழைய கணினி ஒன்றை லினக்ஸ் சர்வராக வைத்திருக்கிறேன். 2 டிபி டிஸ்க் இரண்டு, சாஃப்ட்வேர் ரெய்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். அப்பா காலத்துப் பிரெஞ்சுப் பத்திரங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். மாதம் பிறந்தாலே அது தள்ளாட ஆரம்பித்தது. 8 ஜிபி நினைவகம் தீர்ந்துவிடும். பார்க்க வந்த தம்பி, தினமும் இரவு 2 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு வரி எழுதிவிட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு போனார்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கணக்கு உதைத்தால் லெட்ஜரைக் கிழித்துவிட்டுப் புது லெட்ஜர் போடுவதா? பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் கணக்கு முசியே, விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் சுழி போடுவார். தம்பி எழுதிய வரியை நீக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

ஓடும் நிரல்கள் எடுத்ததைக் கூட்டினால் ஒரு ஜிபி கூட வரவில்லை. கேஷ் என்றால் பயமில்லை. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தில் கோப்புகளை வைத்திருக்கும், கேட்டால் கொடுத்துவிடும். அதைப் பார்த்தே லீக் என்று அலறுகிறவர்களும் உண்டு. கேஷைக் காலி செய்தேன். அப்படியும் 5 ஜிபி திரும்பவில்லை. ஸ்லாப்டாப் கட்டளையில் பார்த்தால் கேமாலாக்-256 என்ற ஒரே இனம்: 256 பைட் துண்டுகள், சுமார் இரண்டு கோடி! முன்பணம் கொடுத்தாகிவிட்டது, வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டார், ஃபைலும் காணோம் என்பார்களே, அதே கதை. கெர்னல் கேட்டு வாங்கியது, திருப்பித் தரவில்லை.

காலையும் மாலையும் அந்த எண்ணை நோட்டில் எழுதி வந்தேன். மற்ற நாட்களில் லேசாக ஏறியது, மாதத்தின் முதல் ஞாயிறு ஒரே தாவாகத் தாவியது. டெபியனில் அன்று நள்ளிரவு 12.57க்கு ரெய்டு சோதனை தொடங்கும். இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிடும். ஒரு நாள் மதியம் அந்தச் சோதனையை நானே ஓட்டினேன். நிமிஷத்துக்கு நிமிஷம் எண் ஏறியது. நிறுத்தினேன், நின்றது. பழைய கெர்னலில் துவக்கி மறுபடி ஓட்டினேன், ஏறவே இல்லை. குற்றவாளி புதிய கெர்னல்.

இப்போது தம்பியின் வரியை நினைத்துப் பாருங்கள். என் டிஸ்க்குகளுக்கு அந்தச் சோதனை முடிய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். 12.57க்குத் தொடங்கியதை 2 மணிக்கு வெட்டிவிடும். மாதாமாதம் வெட்டும். டிஸ்க்கில் எங்கோ கெட்டுப்போன இடம் யார் கண்ணிலும் படாது. மற்ற டிஸ்க் சாகும் நாளில்தான் தெரியும், அப்போது அப்பாவின் பத்திரம் போயிருக்கும். லீக்கையாவது கண்ணால் பார்த்தோம். இந்த வைத்தியம் செய்யும் சேதத்தைப் பார்க்கவே முடியாது!

அடுத்து வந்த கெர்னலைப் போட்டேன். சோதனை முழுதாக ஓடி முடிந்தது, எண் அசையவில்லை. தம்பியிடம் சொன்னேன். "இதுக்குப் போய் இவ்வளவு நாளா ஐயா?" என்றார். கூலியை நான் திருப்பிக் கேட்கவில்லை.