பணத்தை நிறுத்தினார்கள், டாக்டர்கள் குறைந்தார்கள்



புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "தம்பி, இங்கே ஆஸ்பத்திரியில் பஞ்சு முதல் மருந்து வரை அவர்களே தருகிறார்கள். நம்ம ரங்கூனில் ஏன் அப்படி இல்லை?" நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆலையில் பெட்டி கட்டுகிறவன். ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு டாக்டர் உருவாக ஆறேழு வருடம் ஆகும். அதற்கு நல்ல ஆசிரியர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், பழகுவதற்கு மருந்தும் கருவியும் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். இந்தப் பணத்தை இன்று குறைத்தால் நாளைக்கே ஒன்றும் தெரியாது. பத்து வருடம் கழித்து நோயாளிக்குத்தான் தெரியும். அரசாங்கங்கள் இதில் துணிந்து கை வைப்பது அதனால்தான் என்பது என் எண்ணம்.

1988 போராட்டத்துக்குப் பிறகு ராணுவ ஆட்சி பல்கலைக்கழகங்களை வருடக்கணக்கில் மூடி வைத்தது. ஆனால் ராணுவத்துக்கென்று 1992இல் மிங்கலாடோனில் தனி மருத்துவக் கல்லூரி திறந்தது! 2000இல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளை வரிசைப்படுத்தியபோது பர்மாவுக்குக் கிடைத்தது 190ஆவது இடம். அடுத்த பத்து வருடமும் நாட்டு வருமானம் 100 ரூபாய் என்றால் அரசு சுகாதாரத்துக்குச் செலவழித்தது 20, 30 காசுதான். மீதியில் பெரும்பகுதி சனங்களின் மடியிலிருந்து. என் தாயாருக்கு ஆபரேஷன் நடந்தபோது கையுறை, தையல் நூல், சலைன் எல்லாம் சீட்டு எழுதித் தந்தார்கள். எதிர்க் கடையில் கடன் சொல்லி வாங்கினோம். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலும் ஒன்றுமில்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு கதவும் அடைபட்டிருந்தது. 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, முழுக் குடியுரிமை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை மார்க் இருந்தாலும் மருத்துவக் கல்லூரி கிடையாது.

2011க்குப் பிறகு ஒதுக்கீடு கொஞ்சம் ஏறியது. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்களே அரசு டாக்டர்களும் நர்சுகளும்தான். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடச் சேர்ந்தார்கள். பலர் கைதானார்கள், பலருடைய லைசென்ஸ் பறிபோனது. ராணுவச் செலவு ஏற ஏற, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் உள்ள பங்கு இறங்கியது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தையும் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். மற்ற ஆண்களுக்கு 35 வயது வரை. டாக்டர் போன்றவர்களுக்கோ 45 வரை. படித்து முடித்தவர்கள் எப்படி ஊரில் நிற்பார்கள்?

எங்கள் ஆலையில் என் பக்கத்தில் நின்று லேபிள் ஒட்டும் தங்கச்சி, ரங்கூனில் மூன்றாம் வருடம் மருத்துவம் படித்தவள். மார்க் பட்டியல்கூட வாங்காமல் ஓடி வந்தாள். இங்கே படிப்பைத் தொடர வழி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இப்படிப் பாதியில் நின்ற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், கல்லூரி அடையாள அட்டை, கட்டண ரசீது, பாட நோட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். விவரத்தை இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.