வெட்கம் உயிரைக் குடிக்கலாமா?

தேங்காய்ப்பட்டணத்தில் மீனவர்கள் வள்ளத்தில் போய்க் கடலில் வலை போடுகிறார்கள். நீருக்குள் கிடக்கும் வலை கண்ணுக்குத் தெரியாது. மேலே மிதக்கும் மிதவைதான், "வலை இங்கே இருக்கிறது" என்று காட்டும்.

உடலுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயையும் டாக்டர்கள் இப்படிக் கண்டுபிடிப்பது உண்டு!

ஆண்களின் விதையிலும் புற்றுநோய் வரும். அது அபூர்வமான நோய். ஆனால் 15 வயது முதல் 35 வயது வரை உள்ள வாலிபர்களையே அதிகம் பிடிக்கிறது. முதலில் சிறு கட்டி தோன்றும். பெரும்பாலும் வலி இராது.

மிதவை கட்டிய மருந்து

இந்தப் புற்று சில பொருள்களை ரத்தத்தில் கலக்க விடுவது உண்டு. அவற்றில் ஒன்று எச்.சி.ஜி. கர்ப்பிணிப் பெண்ணின் உடலில் ஊறுகிறதே, அதே பொருள்!

எச்.சி.ஜி.யைப் பற்றிக்கொள்ளும் "எதிர்ப்புப் பொருள்" ஒன்று உண்டு. வலைக்கு மிதவை கட்டுவது போல, அதில் ஓர் அடையாளத்தை ஒட்டுகிறார்கள். சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் அதைச் சேர்க்கிறார்கள். எச்.சி.ஜி. எவ்வளவு இருக்கிறது என்று அந்த அடையாளம் காட்டிவிடும்.

அடையாளம் ஒட்டி ரத்தத்தை அளக்க வழி கண்டவர்களில் ஒருவர், அமெரிக்கப் பெண்மணி ரோசலின் யாலோ. 1977-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆபரேஷன் செய்து, நோய் கண்ட விதையை எடுத்ததும் இந்த அளவு இறங்க வேண்டும். இறங்கவில்லையா? நோய் வேறு எங்கோ பரவியிருக்கலாம். வயிற்றிலா, நுரையீரலிலா என்பதை ஸ்கேன் காட்டும். எல்லா நோயாளிகளின் ரத்தத்திலும் இப்பொருள் இராது. ஆகவே இரண்டு சோதனைகளும் தேவை.

பரவினாலும் பிழைக்கலாம்

1974-ல் அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், "சிஸ்பிளாட்டின்" மருந்தை வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். நோய் பரவிய பலர் பிழைத்தார்கள்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு நெஞ்சில் வந்ததும் இதே இனத்துக் கட்டிதான். அவர் 2012-ல் ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார். அதே ஆண்டு மைதானத்துக்குத் திரும்பினார்!

தடை எது?

சோதனை இருக்கிறது. மருந்து இருக்கிறது. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. தடையாக நிற்பது வெட்கம்தான்!

காலில் முள் குத்தினால் தாயிடம் காட்டும் மகன், இந்தக் கட்டியை மட்டும் மறைக்கிறான். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. ஆண்மை போய்விடும் என்ற பயம் வேறு! ஒரு விதையை எடுத்தாலும், மற்றது நன்றாக இருந்தால் ஆண்மை போகாது.

எல்லாக் கட்டியும் புற்று அல்ல. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தந்தைமார்கள் வளர்ந்த பையன்களிடம் இதைப் பேச வேண்டும். மறைத்த நோயை எந்த மிதவையாலும் காட்ட முடியாது!