கோயில் நெல்லும் கல்லூரி வாசலும்

தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அவர்களுக்கு,

பூசை, திருவிழா, திருப்பணி, ஊழியர் ஊதியம் ஆகியவை போகக் கோயிலில் எஞ்சும் தொகையான உபரி நிதியைக் கொண்டு கல்லூரி நடத்தலாமா என்னும் வழக்கு, 2021-இல் சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டதையொட்டிக் கூர்மையடைந்தது. கோயில்கள் செறிந்த கும்பகோணத்திலிருந்து எழுதப்படும் இம்மடல், அந்நிதி கல்விக்குச் செல்வதை எதிர்க்கவில்லை. அது எவர் இசைவால் செல்கிறது, சென்ற இடத்தில் எவ்வளவு அகலமான கல்வி விளைகிறது என்பவற்றைப் பற்றியே கவலை கொள்கிறது.

கோயில் கல்விக்குக் கொடுத்தது புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த, எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டு, 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் குறிப்பதோடு, இளைய மாணவர் ஒருவருக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல் என்பது வரை அளவு சொல்கிறது. அங்கே பயிலப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் தத்துவமுமே என்பதையும், பிறப்பால் அவற்றுக்கு உரியவராகக் கருதப்பட்டோர்க்கு மட்டுமே அவ்வாசல் திறந்திருந்தது என்பதையும் மறைத்துப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. அவ்வாசலை எல்லார்க்கும் திறந்தது இன்றைய அரசின் பெருமை. ஆனால், வரவு செலவை ஊரார் கண்முன் சுவரில் வெட்டி வைத்த நல்வழக்கம் இடையில் மறைந்துபோயிற்று.

1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம், கோயில் நிர்வாகத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைக்கிறது. அவ்விடம் காலியாக இருக்கும்போது துறை நியமிக்கும் பொறுப்பாளரே தக்கார். அப்பொறுப்பில் பல கோயில்களில் துறையின் அலுவலரே அமர்வதால், நிதியைக் கேட்பதும் துறை, இசைவதும் துறை என்றாகிவிடுகிறது. குறுவையும் சம்பாவும் விளைந்து குத்தகையாக வந்து சேர்ந்த பொருளும், உண்டியலில் விழுந்த காசும் இவ்வாறு இடம் மாறும்போது, கொடுத்தவர் குரல் எங்கும் கேட்பதில்லை.

கல்வியின் அகலம் இதனினும் பெரிய கேள்வி. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28-ஆம் உறுப்பு. சமய போதனை என்பது நம்பிக்கையை ஊட்டுவது; சமயங்களை அறிவுத்துறையாகப் பயில்வது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க, 1854-இல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்த கும்பகோணம் அரசுக் கல்லூரியைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற உ.வே. சாமிநாதையர், 1880-இல் அக்கல்லூரியில் ஆசிரியரானார்; அப்போது ஊரில் முன்சீபாக, அதாவது கீழமை நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியால் சீவக சிந்தாமணியின் பக்கம் திரும்பினார்; சமணக் காப்பியமான அதன் பொருள் தெளிய உள்ளூர்ச் சமணர்களை நாடிச் சென்று கேட்டு, 1887-இல் அதைப் பதிப்பித்தார். சைவ மடம் ஊட்டிய தமிழும், அரசுக் கல்லூரி தந்த நிலையும், சமணர் இல்லங்களில் பெற்ற விளக்கமும் சேர்ந்தே அப்பதிப்பை ஆக்கின. இவற்றுள் ஒரு கதவு அடைபட்டிருந்தாலும் தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பை எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

அத்தகைய கதவொன்றை அடைப்பதுபோல், கொளத்தூர்க் கல்லூரியின் ஆசிரியர் பணிக்கு இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று 2021-இல் அறிவிப்பு வெளிவந்தது. அறநிலையச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைச் சார்ந்த அந்நிபந்தனை சட்டப்படி செல்லும் என நீதிமன்றம் பின்னர் ஏற்றிருப்பினும், துறையின் ஆணையர், அலுவலர், பணியாளர் ஆகியோர்க்கென அமைந்த விதியை வணிகவியலும் கணினியும் கற்பிப்பவர்க்கும் பொருத்துவது கல்விக்குப் பொருந்துமா என்பது தீரவில்லை. இதில் சட்டத்திருத்தத்தைப் பரிந்துரைப்பது ஆணையரின் கையில் உள்ளது.

கும்பகோணம் வட்டாரத்துக் கோயில் எதிலிருந்தும் கல்விக்கு நிதி பெறுமுன், அங்கே அறங்காவலர்களை அமர்த்தி அவர்தம் தீர்மானத்தைப் பெற வேண்டுகிறது இம்மடல். பெற்ற தொகையும் அதனால் பயின்றோர் எண்ணிக்கையும் இராசகோபுர வாசலில் தமிழில் எழுதப்படட்டும். குத்தகை அளந்துவிட்டு வெளியே வரும் உழவர் நின்று படிக்கும் உயரத்தில் அவை இருக்கட்டும்.