வீல் கறுப்பு ரோட்டுப் புழுதி இல்ல மக்களே

கார்ல முன் வீல் ரெண்டும் பின் வீலைவிட சீக்கிரம் கறுத்துப்போகுதே, கவனிச்சிருக்கீங்களா? பிரேக் போட்டா எடை முன்னால சாயும். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்ஞ்ச தூள்தான் அந்தக் கறுப்பு. சூடா வந்து ஒட்டுற இரும்புத் துகள், ஈரம் பட்டா அங்கேயே துருப்பிடிக்கும். வாரம் ஒருதடவை, வீல் ஆறினப்புறம், ஷாம்பு தண்ணியும் மெத்துன்னு ஒரு பிரஷ்ஷும் போதும். ஆசிட் வேண்டாம், அலாய் வீல் பூச்சையும் சேர்த்துத் தின்னுடும்.

என் கோபம் ஏர் அடிக்கிறது மேலதான். பல ஒர்க்‌ஷாப்ல வீலைக் கழட்டினதும் பிரேக் மேல ஏர் பைப்பால ஒரே ஊது. இடம் பளிச். தூள் எங்க போச்சு? ஊதுற பையனோட நுரையீரலுக்கு! பழைய பேடா இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். ஐரோப்பாவோட யூரோ 7 விதி, பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களுக்கு பிரேக் தூள் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம்தான்னு வரம்பு போட்டிருக்கு. புகையே இல்லாத எலக்ட்ரிக் காருக்கும் விடல, 3 மில்லிகிராம். இங்க நாம மூக்குக்கு நேரா ஊதிட்டிருக்கோம்.

அடுத்த சர்வீஸ்ல, "ஏர் வேணாம்ணே, ஈரத்துணியால துடைச்சிடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அவ்ளோதான்.